ஓநாய் இல்லாத காட்டில் ஓநாய்க் கதை: பழங்கதைகளைப் பிள்ளைகளுக்குப் பகிடியாக மாற்றிச் சொல்வது பற்றி

வாய்க்காற்கரை (கிளிநொச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரணைமடுக் குளத்தின் இடதுகரை வாய்க்காலோரம் உள்ள ஒரு சிறிய பாடசாலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். எங்கள் வாசிப்பு மூலைக்கென்று கையால் எழுதி, படம் கீறி, ஊசியும் நூலும் கொண்டு தைத்த சிறு புத்தகங்களைச் சென்ற தவணையிலிருந்து செய்து வருகிறேன். ஐரோப்பியப் பழங்கதைகளைச் சற்றுப் பகிடியாகத் திருப்பி எழுதிக் கொடுத்தால் வாசிப்பில் நாட்டமில்லாத பிள்ளைகளும் கையில் எடுப்பார்கள் என்று நினைத்து, முதலில் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை எடுத்தேன்.

என்னுடைய கதையில் ஓநாய் ஆச்சியின் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. சிறுமி வழக்கம்போல "ஆச்சி, உங்கடை பல் ஏன் இவ்வளவு பெரிசு?" என்று கேட்கவில்லை. பல்லைப் பார்த்துப் பதறிப்போய், பல் வைத்தியரிடம் காட்டுவதற்கு உடனே புறப்படும்படி ஓநாயை வற்புறுத்துகிறாள். ஓநாய்க்கு ஊசியென்றால் பயம். எழுதும்போது தனியே இருந்து சிரித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

தரம் 4 வகுப்பில் வாசித்தபோது ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மிகுந்த கவலையோடு, "ரீச்சர், ஆச்சிக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள். கட்டிலில் படுத்திருப்பது ஓநாய் என்பதே வகுப்பில் பாதிப்பேருக்கு விளங்கியிருக்கவில்லை.

என் கேள்வி இதுதான். மூலக்கதையை அறியாத பிள்ளைக்கு அதன் பகிடி வடிவத்தைக் கொடுப்பதில் பயனுண்டா? முதலில் மூலத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் பகிடிக்கு வரவேண்டும் என்றால், அந்த நேரத்தை நம் ஊர்க் கதைகளுக்கே செலவழிக்கலாம் அல்லவா?

முதிரைமரம் (வவுனியா) எழுதியது:

ரீச்சர், நூலகத்தில் நீண்டகாலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கதையில் பிழையில்லை, வரிசையில்தான் பிழை. பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துப் பாருங்கள். காகம் வடையைக் காலுக்குள் இடுக்கி வைத்துக்கொண்டு பாடத் தொடங்கியது என்று சொன்ன மாத்திரத்தில் நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வடை வாயிலிருந்துதான் விழவேண்டும் என்பதை அவர்கள் மூன்று வயதிலேயே அறிந்திருப்பதால்தான் அந்தச் சிரிப்பு வருகிறது. சிவப்புத் தொப்பிக்கு அந்த முன்னறிவு இல்லை. ஆகவே திங்கட்கிழமை நேர்க்கதை, வெள்ளிக்கிழமை பகிடிக்கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் இடைவெளியே போதும்.

ஆனால் நேர்க்கதை எது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரான்சில் சார்ல் பெரோ 1697இல் அச்சிட்ட கதையில் வேட்டைக்காரன் வருவதே இல்லை. ஓநாய் கிழவியைத் தின்கிறது, சிறுமியையும் தின்கிறது, கதை முடிகிறது. கீழே பெண்பிள்ளைகளுக்குப் புத்திமதியாகச் சில செய்யுளடிகள். ஜேர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில்தான் வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கீறி இருவரையும் வெளியே எடுக்கிறான்.

பலரும் அறியாத ஒன்று, அதே கிரிம் கதையின் வாலில் இன்னொரு சிறுகதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு நாள் இன்னொரு ஓநாய் வருகிறது. இம்முறை கிழவியும் பேத்தியும் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். ஓநாய் கூரையில் ஏறிக் காத்திருக்கிறது. கிழவியோ, முதல்நாள் இறைச்சிக் குழல் (சொசேஜ்) அவித்த தண்ணீரை வீட்டு முன்னாலிருந்த பெரிய கல்தொட்டியில் நிரப்பச் சொல்கிறாள். வாசனை மூக்கில் ஏற, ஓநாய் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து, சறுக்கி, தொட்டிக்குள் விழுந்து மூழ்கிச் சாகிறது. பகிடிக்கதைக்கு வேண்டியது எல்லாம் மூலத்திலேயே இருக்கிறது. நம்மில் பலர் அந்த வாலை வெட்டிவிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பாலைப்பழம் (ஒட்டுசுட்டான்) எழுதியது:

முதிரைமரம் ஐயா சொன்ன வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். என்றாலும் வன்னியில் அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. இலங்கைக் காடுகளில் ஓநாயே இல்லை. நரி உண்டு, ஆனால் நம் கதைகளில் நரி ஏமாற்றுமே தவிர ஆளைத் தின்னாது. நரியை ஆச்சியின் கட்டிலில் படுக்க வைத்தால் ஆச்சி விளக்குமாற்றை எடுத்துத் துரத்திவிடுவார் என்றுதான் பிள்ளை நினைக்கும். அப்படியானால் கரடியைப் போடலாமா என்று நானும் ஒரு காலத்தில் யோசித்தேன். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் யானையைவிடக் கரடிக்கே கூடுதலாகப் பயப்படுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் கரடி பேச்சுக் கொடுக்காது. "எங்கே போகிறாய் பிள்ளை, கூடைக்குள் என்ன?" என்று நின்று நிதானமாக விசாரிக்கிற பிராணிதான் இந்தக் கதைக்கு வேண்டும், நம் காட்டுக் கரடியோ கண்ட இடத்தில் முகத்தைப் பிறாண்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். ஆகவே ஓநாயை ஓநாயாகவே விட்டுவிடுவது நல்லது என்பது என் முடிவு. பிள்ளை காணாத பிராணி என்பதால் அதற்கு எந்தக் குரலையும் கொடுக்கலாம், எவ்வளவு மரியாதையாகவும் பேச வைக்கலாம்.

மூன்று பன்றிக்குட்டிகளின் கதையில் நேர்மாறான சிக்கல். என் அக்காவின் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். ஓநாய் வந்து வைக்கோல் வீட்டை ஊதித் தள்ளியதும் சின்னவன் கைதட்டினான். ஏன் என்று கேட்டால், "பண்டி எங்கடை கச்சான் முழுக்கக் கிண்டினது தானே" என்கிறான். ஒரே இரவில் கால் ஏக்கர் கச்சானைக் காட்டுப்பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போன வீட்டுப் பிள்ளை அவன். அவனைப் பொறுத்தவரை ஓநாய் கமக்காரரின் ஆள். இங்கிலாந்தில் ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் வெளியிட்ட தொகுப்பில் முதல் இரண்டு பன்றிகளையும் ஓநாய் தின்றுவிடுகிறது, மூன்றாவது பன்றி ஓநாயை அவித்துத் தின்கிறது. அந்த முடிவைச் சொன்னபோது அவன் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

மேலை நாட்டு எழுத்தாளர்கள் ஓநாயை நல்லவனாக்கி எழுதினால் அது புதுமை. இங்கே பிள்ளையே கேளாமல் அதைச் செய்துவிடுகிறது. நம் ஊரில் பகிடியாகத் திருப்பி எழுதுவதென்றால் பன்றியை நல்லவனாக்கிக் காட்டத்தான் வேண்டிவரும்.

நந்திக்கரை (முல்லைத்தீவு) எழுதியது:

பன்றிக்கதை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ள வேண்டாம். வைக்கோல் வீடு, தடி வீடு, கல் வீடு என்று நீங்கள் அடுக்குகிற மூன்றும் வேறு ஊர்ப் பிள்ளைக்கு வெறும் படம். எங்கள் பகுதியில் தறப்பாள் கொட்டில், தகரக் கொட்டகை, வீட்டுத்திட்டக் கல்வீடு என்ற மூன்றிலும் அடுத்தடுத்து இருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகள் அதைப் பார்த்திராவிட்டாலும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். சோம்பேறிப் பன்றிதான் வைக்கோலால் வீடு கட்டியது, கெட்டிக்காரப் பன்றி கல்லால் கட்டியது என்று கதை சொல்லும்போது, கொட்டிலில் இருந்தவர்களெல்லாம் சோம்பேறிகள் என்று பிள்ளை விளங்கிக்கொள்ளாதா? அதற்கு மேல் பகிடியும் சேர்ந்தால் யாரைப் பார்த்து அந்தப் பிள்ளை சிரிக்கிறது?

சிற்றன்னைக் கதைகள் பற்றியும் இதே மனக்குறைதான் எனக்கு. தாயை இழந்து, தந்தை மறுமணம் செய்த பின் சிறியதாயிடம் அன்பாக வளர்கிற இரண்டு பிள்ளைகளை எனக்குத் தெரியும். சிண்டரெல்லா கதையைப் பாடசாலையில் கேட்டுவிட்டு வந்த இளையவள், "நீங்களும் என்னைச் சாம்பலுக்குள்ள படுக்க விடுவீங்களோ, சின்னம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் இதை எனக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதிரைமரம் எழுதியது:

தங்கச்சி நந்திக்கரை சொன்னதைத் தள்ளிவிட முடியாது. அவருக்கு உதவக்கூடிய ஒரு செய்தி என்னிடம் இருக்கிறது. கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் வெண்பனிச் சிறுமியை (ஸ்னோ வைட்) கொல்லச் சொல்பவள் சிற்றன்னை அல்லள், பெற்ற தாய். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவளைச் சிற்றன்னை ஆக்கினார்கள். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் ஹன்சல், கிரெத்தல் கதையிலும் முதலில் இருந்தவள் பெற்ற தாயே. 1840ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அவள் சிற்றன்னை. 1857இல் வந்த ஏழாம் பதிப்பு வரையில் ஏதோ ஒன்றைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். தாய் என்ற உறவுக்குக் களங்கம் வரக்கூடாதென்று பழியைத் தூக்கிச் சிறியதாயின் தலையில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் காலத்துக்கும் தங்கள் வாசகருக்கும் ஏற்ப மாற்றியிருக்க, இருநூறு ஆண்டு கழித்து வன்னியில் ஒரு ரீச்சர் சிற்றன்னையைப் பக்கத்து வீட்டுப் பெரியவளாக மாற்றினால் எந்த மூலத்துக்கும் துரோகம் இல்லை.

அதேபோல, மற்றவர் எழுதிய பகிடியை அப்படியே எடுத்துவரும்போதும் கவனம் வேண்டும். ரோல்ட் டால் 1982இல் ஆறு பழங்கதைகளை நகைச்சுவைப் பாட்டாக எழுதி வெளியிட்டார். அதில் சிவப்புத் தொப்பிச் சிறுமி உள்ளாடையிலிருந்து கைத்துப்பாக்கியை உருவி ஓநாயைச் சுட்டு வீழ்த்துகிறாள். இலண்டனில் இருக்கும் பிள்ளைக்கு அது எதிர்பாராத வேடிக்கை. இங்கே அந்த இடத்தில் சிரிப்பதற்கு முன் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

கட்டுக்கரை (மன்னார்) எழுதியது:

எல்லோரும் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். எந்தத் தமிழில் எழுதுவது என்பதை யாரும் கேட்கவில்லை. பகிடிக்கதை என்றவுடன் கதை முழுவதையும் பேச்சுத் தமிழில் எழுதிவிடுகிறார்கள். வீட்டில் கதைப்பதுபோலவே புத்தகமும் இருந்தால் பிள்ளைக்கு அதில் வேடிக்கை ஏதுமில்லை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதி, 1822இல் இலண்டனில் அச்சேறிய பரமார்த்த குரு கதையைப் பாருங்கள். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று சீடன் கொள்ளிக்கட்டையை எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் தோய்த்துப் பார்க்கிறான். தண்ணீர் சுர்ரென்று சீறுகிறது. ஆறு இன்னும் தூங்கவில்லை என்று ஓடிவருகிறான். இதை ஒரு சாத்திர விசாரணைபோல, முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதியிருப்பதால்தான் நமக்கு வயிறு நோகிறது. கதை சொல்பவர் நல்ல எழுத்துத் தமிழில் நிமிர்ந்து நிற்கட்டும். ஆச்சியும் ஓநாயும் மட்டும் ஊர்ப் பேச்சில் சண்டை பிடிக்கட்டும்.

பாலைப்பழம் எழுதியது:

கட்டுக்கரை சொன்ன முறையிலேயே, முதிரைமரம் ஐயா எடுத்துக் காட்டிய அந்த வாலை மட்டும் எழுதிப் பார்த்தேன். இறைச்சிக் குழலுக்குப் பதிலாகக் கருவாடு. குறையைச் சொல்லுங்கள்.

"காட்டோரத்தில் ஓர் ஆச்சி தனியே வாழ்ந்தார். அவர் தனியே வாழ்கிறார் என்பதை ஓநாய் அறிந்திருந்தது. ஓநாய் அறிந்திருக்கிறது என்பதை ஆச்சியும் அறிந்திருந்தார். அன்று மத்தியானம் கட்டாக் கருவாடு அவித்த தண்ணீரை ஆச்சி வெளியே கொட்டவில்லை. பெரிய கிடாரத்தில் ஊற்றி, தாழ்வாரத்துக்கு நேர் கீழே வைத்துவிட்டு, பாக்கு உரல் எடுத்து இடிக்கத் தொடங்கினார்.

பொழுது பட்டதும் கூரையில் ஏதோ சரசரத்தது. 'ஆச்சி, நான்தான் உங்கடை பேத்தி,' என்றது ஓநாய், தன்னால் இயன்ற அளவு மெல்லிய குரலில்.

'பேத்தி எண்டால் வாசலாலை வா மோனை. ஏன் கூரையிலை நிக்கிறாய்?'

ஓநாய் இதற்கு ஆயத்தமாக வந்திருக்கவில்லை. சற்று யோசித்தது. 'மழை ஒழுக்குப் பாக்க வந்தனான்,' என்றது.

'நல்ல பிள்ளை,' என்றார் ஆச்சி. 'அடையாள அட்டையும் விதானையாரின்ரை கடிதமும் கொண்டந்தனியோ?'

ஓநாய் இரண்டும் இருக்கிறதென்றது. அந்த நேரத்தில்தான் கருவாட்டு வாசனை மேலே ஏறிவந்து அதன் மூக்கைத் தொட்டது. ஓநாய் கழுத்தை ஒரு முழம் நீட்டியது. பிறகு இரண்டு முழம் நீட்டியது. மூன்றாவது முழத்துக்கு அதனிடம் கழுத்து இருக்கவில்லை."

நந்திக்கரை எழுதியது:

மூன்றாவது முழம் என்னையும் சிரிக்க வைத்துவிட்டது. கூரையில் நிற்பதற்கு ஒழுக்கைக் காரணம் காட்டுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடனே விளங்கும். ஆனால் அடையாள அட்டை வருகிற வரியை எடுத்துவிடுங்கள், தம்பி. அந்த வரி பிள்ளைக்காக எழுதப்படவில்லை; பிள்ளையின் தலைக்கு மேலால் நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறீர்கள். பிள்ளைக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை, பெரியவர்களுக்கு அதில் சிரிப்பு மட்டுமே இல்லை. பகிடிக்கதைகளில் நான் அடிக்கடி காண்கிற குறை இது. வங்கிக் கடன், தேர்தல், வெளிநாட்டு மாப்பிள்ளை என்று வாங்கிக் கொடுக்கிறவரைச் சிரிக்க வைத்துவிட்டு, வாசிக்க வேண்டிய பிள்ளையை விட்டுவிடுகிறார்கள்.

பாலைப்பழம் எழுதியது:

எடுத்துவிட்டேன், அக்கா. இப்போது வாசித்துப் பார்க்க, அந்த வரி இல்லாமல் ஓநாய் இன்னும் விரைவாக விழுகிறது.

வாய்க்காற்கரை எழுதியது:

ஐந்தாறு நாளாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

முதலில் சிண்டரெல்லா. ஐயா சொன்னபடி திங்கட்கிழமை பெரோவின் கதையை நேராகச் சொன்னேன். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் அவருடைய 1697ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருப்பவை என்பதால் அவற்றை மாற்றவில்லை. சிற்றன்னையை மாத்திரம் தூரத்து மாமியாக்கினேன். வெள்ளிக்கிழமை என் வடிவத்தில் பூசணிக்காய் லான்ட்மாஸ்டராக, அதாவது இருசில்லு உழவு இயந்திரமாக, மாறியது. நள்ளிரவுக்கு முன் வீட்டுக்குப் போகவேண்டும், ஆனால் லான்ட்மாஸ்டர் அவ்வளவு வேகமாகப் போகாது என்ற இடத்தில் வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. வைக்கோல் ஏற்றிய லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் சைக்கிளில் மாட்டுப்பட்டுப் பாடசாலைக்குப் பிந்தி வருகிற பிள்ளைகள் அவர்கள். பிறகு ஒரு பையன், பன்னிரண்டு மணிக்கு எல்லாம் பழையபடி மாறியது என்றால் செருப்பு மட்டும் ஏன் மாறவில்லை என்று கேட்டான். முந்நூறு ஆண்டாகப் பலர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. என்னிடம் விடை இல்லை என்று சொன்னேன். "செருப்பு காசுக்கு வாங்கினதாக இருக்கும் ரீச்சர்," என்றான். அடுத்த பதிப்பில் அதைச் சேர்க்கிறேன்.

அடுத்தது அரசனின் புதிய உடை. ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதை. அரசனைப் பிரதம விருந்தினராக மாற்றினேன். பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தி வருகிறார், வாசலில் வாத்தியக் குழுப் பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள், வந்தவரின் பொன்னாடை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இதைச் சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டியபோது அவர் முகம் மாறி, இதை வாசிப்பு மூலையில் வைக்கவேண்டாம் என்றார். நான் முன்பு வேலை செய்த ஒரு பாடசாலையில் அப்படியொரு வெயிலில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது, அதனால்தான் எழுதினேன். வைப்பதா, விடுவதா?

முதிரைமரம் எழுதியது:

வையுங்கள், ஆனால் விருந்தினரை மீண்டும் அரசனாக்கிவிட்டு வையுங்கள். வாத்தியக் குழுவையும் வெயிலையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் அரசனை எங்கே பார்த்தோம் என்று தாங்களே கண்டுகொள்வார்கள், உங்கள் சக ஆசிரியரும் இரவு நித்திரை கொள்வார். அந்தக் கதையைப் பற்றி ஒன்று: அண்டர்சனின் கையெழுத்துப் பிரதியில் "அரசன் ஒன்றுமே உடுத்தியிருக்கவில்லையே" என்று கூவும் சிறுபிள்ளை இல்லை. ஊர் முழுவதும் உடையைப் புகழ்வதோடு கதை முடிந்திருந்தது. அச்சுப்படி திருத்தும் கட்டத்தில்தான் அந்தப் பிள்ளையைச் சேர்த்தார். உங்கள் பிரதியில் அந்த வரியை வாத்தியக் குழுவில் நிற்கிற பிள்ளைக்குக் கொடுங்கள். ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

வாய்க்காற்கரை எழுதியது:

அப்படியே செய்கிறேன், ஐயா.

பன்றிக்கதையை நேற்று வாசித்தேன். நந்திக்கரை அக்கா சொன்னதை மனதில் வைத்து, தறப்பாளைக் கதையில் சேர்க்கவில்லை. கிடுகுக் கொட்டில், வரிச்சுக் கட்டி மண் அப்பிய வீடு, கல்வீடு என்று மூன்றாக வைத்தேன். எந்தப் பன்றியையும் சோம்பேறி என்று சொல்லவில்லை. கிடைத்ததைக் கொண்டு கட்டினார்கள் என்று மட்டும் எழுதினேன். பன்றிகள் கச்சான் திருடுவதையும் மறைக்கவில்லை, பாலைப்பழம் தம்பியின் மருமகனுக்காக.

கல்வீட்டின் முன்னால் ஓநாய் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்துக்கு வந்தபோது பின்வரிசையில் ஒருவன் கையை உயர்த்தினான். வீட்டுத்திட்டத்தில் கட்டத் தொடங்கி, காசு போதாமல் நின்றுபோன வீட்டில் இருக்கிற பிள்ளை. "ரீச்சர், உந்த ஓநாய் எங்கடை வீட்டுக்கு வந்தால் ஊதத் தேவையில்லை," என்றான். "இன்னும் கதவு போடேல்லை. சும்மா உள்ள வரலாம்." வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன்தான் எல்லோரையும்விட உரத்துச் சிரித்தான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நந்திக்கரை எழுதியது:

அந்த வரியைப் புத்தகத்தில் சேருங்கள், ரீச்சர். சேர்ப்பதற்கு முன் அவனிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். அந்த வீட்டுக்குக் கதவு எப்போது வருகிறதாம்?

வாய்க்காற்கரை எழுதியது:

கேட்டேன், சம்மதித்துவிட்டான். நிலை வைத்தாயிற்று, கதவு இன்னும் இல்லை, இப்போதைக்கு அவனுடைய அம்மம்மாவின் பழைய சேலை ஒன்று தொங்குகிறது. ஓநாய் அந்தச் சேலையை ஊதினால் என்ன நடக்கும் என்பதை அடுத்த வெள்ளிக்கிழமை தானே எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.